குளிரில் வெடித்த குழாயும் நம் வீட்டு வால்வும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களும், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



'குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமல் காப்பது எப்படி' என்ற தலைப்பை அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு, இரண்டு பேர் என்னிடம் வந்து, "சார், விஸ்வநத்தத்துல எப்ப பனிக்கட்டி விழப்போகுது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் நம் பக்கம் வந்து நிலைத்தன. மே மாதம் மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. நம் குழாய் உறையவே உறையாது. அந்தக் கவலை வேண்டாம்.

ஆனால் நம் குடியிருப்பிலேயே ஒரு கணக்கு எடுத்துப் பாருங்கள். மகனோ மகளோ டாலஸில், டொரண்டோவில், நியூஜெர்சியில், லண்டனில் இருக்கிற வீடுகள் எத்தனை? பிரசவம் பார்க்கவும் பேரப்பிள்ளையைத் தூக்கவும் நாமும் ஆறு மாதம் போய்த் தங்கிவிட்டு வருகிறோம். அங்கே பிள்ளைகள் வெளியே போய்விட்டால் வீட்டில் இருப்பது நாம்தான். குழாய் வெடித்தால் முதலில் பார்க்கப்போவதும் நாம்தான். எனக்கு அப்படி நடந்தது. அதில் என் தவறும் இருந்தது. அதை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

டாலஸில் நடந்தது

2020 நவம்பரில் மருமகளுக்குப் பிரசவ நேரம். கொரோனா காலத்துச் சிறப்பு விமானத்தில் நானும் என் வீட்டம்மாவும் போனோம். மகன் வீடு டாலஸுக்கு வடக்கே, பிளேனோவில். டெக்சாஸ் என்றால் நம் ஊர் மாதிரி வெயில் ஊர். டிசம்பர், ஜனவரி கூடத் தாங்கும்படியாகத்தான் இருந்தது.

2021 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை பனி கொட்ட ஆரம்பித்தது. 'யூரி' என்று செய்திகளில் சொன்ன பனிப்புயல் அது. டெக்சாஸில் மொத்தம் 254 மாவட்டங்கள். அத்தனைக்கும் எச்சரிக்கை. அன்று இரவு என் வீட்டம்மா போனைப் பார்த்துவிட்டு, "ஏங்க, அஞ்சு டிகிரிதான காட்டுது, கொடைக்கானல்ல பாக்காததா?" என்றாள். மகன் சிரித்துவிட்டு, "அம்மா, இது ஃபாரன்ஹீட். நம்ம கணக்குல மைனஸ் பதினஞ்சு" என்றான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவர்கள் கணக்கில் 32 என்றால்தான் நமது பூஜ்யம். அதற்குக் கீழே எல்லாமே உறைநிலை.

படுக்கப் போகும் முன் மகன் வீடு முழுக்கச் சுற்றி வந்தான். சமையலறைக் குழாயை மெல்லிய நூல் மாதிரி ஓடவிட்டான். மாடிக் குளியலறையில் சுவரோரக் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவைத்தான். "அப்பா, இதை மூடிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நானும் தலையாட்டினேன்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். எழுந்து போகிறேன். சொட்டு... சொட்டு... என்று சத்தம். நான் எந்த ஊரில் வளர்ந்தவன் என்று உங்களுக்குத் தெரியும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த காலம். லாரி வந்தால் வேலைக்கே தாமதமாகப் போன காலம். குழாய் சொட்டினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று அடி வாங்கி வளர்ந்த கை இது. மகன் சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் 'இவ்வளவு நேரம் ஓடியது போதாதா' என்று கை தானாகப் போய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டது. நல்ல காரியம் செய்த நினைப்பில் போய்ப் படுத்தேன்.

அன்றிரவே அதிகாலை ஒன்றரை மணிவாக்கில் டெக்சாஸ் முழுவதும் மின்வெட்டு தொடங்கியது. உற்பத்தி குறைந்துபோனது, தேவை எகிறிவிட்டது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி அப்படியே போயிருந்தால் மாநிலத்தின் மின்கட்டமைப்பு மொத்தமாக விழுந்திருக்கும் என்று அதை நடத்துகிற அமைப்பே பின்னால் சொன்னது. 45 லட்சத்துக்கும் மேலான வீடுகள் இருட்டில். கரண்ட் இல்லையென்றால் அங்கே வீட்டைச் சூடாக்கும் எந்திரமும் ஓடாது. 16ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி. 1949க்குப் பிறகு அங்கே அப்படி ஒரு குளிர் இல்லை. கையில் மூன்று மாதக் குழந்தை. எல்லோரும் ஒரே அறையில், இருக்கிற கம்பளியையெல்லாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை காலையில் மாடிக் குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. மற்ற குழாய்களில் வருகிறது. மகன், "நான் திறந்துதான வச்சேன்?" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் வராத குழாயைத் திறந்து வைத்து என்ன பயன் என்று அவன் கீழே போனதும் மறுபடி மூடியும் வைத்தேன். தவறு இரண்டானது.

வியாழக்கிழமைக்குள் கரண்ட் நிலைத்தது. 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை நல்ல வெயில். 'தப்பித்தோம்' என்று நினைத்தோம். மகன் குடிதண்ணீரும் பாலும் வாங்கக் காரில் போனான். மத்தியானம் மாடியில் யாரோ ஷவரைத் திறந்துவிட்ட மாதிரி சத்தம். போய்ப் பார்ப்பதற்குள் கூடத்துக் கூரையில் ஈரம் படர்ந்து, ஜிப்சம் அட்டை தொந்தி மாதிரி கீழே தொங்கியது. பிறகு அப்படியே உடைந்து விழுந்தது. அரை மணி முன்பு வரை அதன் அடியில்தான் என் வீட்டம்மா பேரனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுக்குப் பசி எடுத்து அழுததால் உள்ளே போயிருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

"மாமா, மெயின் வால்வு எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று மருமகள் கத்துகிறாள். அவளுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மூன்று மாதமாக அந்த வீட்டில் இருக்கிறேன், எந்த டப்பாவில் என்ன பருப்பு என்று தெரியும், தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று தெரியாது. தெருவோரம் தரையில் மீட்டர் பெட்டி இருப்பதாகக் கேள்வி. வெளியே ஓடினால் எல்லாம் பனி மூடிக் கிடக்கிறது. செருப்புக் காலால் பனியைத் தள்ளிக்கொண்டு தேடுகிறேன். எதிர் வீட்டுக்காரர், மெக்சிகோவிலிருந்து வந்தவர், பார்த்துவிட்டு ஓடி வந்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. கையில் நீளமான டி வடிவக் கம்பி. பெட்டி மூடியை நெம்பினார், கம்பியை உள்ளே விட்டுக் கால் சுற்றுச் சுற்றினார். உள்ளே சத்தம் நின்றது.

நின்றதும் அவர் போய்விடவில்லை. கம்பியை என் கையில் கொடுத்து, என்னையும் ஒரு தடவை திறந்து மூடச் செய்து பார்த்துவிட்டுத்தான் போனார். நான் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்.

குழாய் ஏன் வெடிக்கிறது?

தண்ணீர் உறைந்தால் அளவில் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். ஒரு லிட்டர் தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 1,090 மில்லி இடம் கேட்கும். பனிக்கட்டி குழாயை அழுத்தி உடைக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. குழாயின் நடுவில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பு உண்டாகிறது. அது வளர வளர, அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் சிக்கிய தண்ணீரை நெருக்குகிறது. தண்ணீர் நெருக்கினால் சுருங்காது. போக வழி இல்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், எங்கே பலவீனமோ அங்கே பிளக்கிறது. அது பனிக்கட்டி இருக்கும் இடத்திலிருந்து தள்ளிக்கூட இருக்கலாம்.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. மருந்து சும்மா கிடந்தால் 'புஸ்' என்று எரிந்து போகும். அதையே இறுகச் சுற்றி அடைத்தால்தான் வெடி. ஆட்டம் பாமுக்குச் சணல் சுற்றுவது எதற்கு? போக வழி இல்லாமல் செய்வதற்குத்தானே? குழாயைச் சொட்ட விடுவது அந்தச் சுற்றைத் தளர்த்துகிற வேலை. உள்ளே அடைப்பே உண்டானாலும், நெருக்கப்பட்ட தண்ணீர் திறந்த குழாய் வழியே வெளியேறிவிடும். நான் ராத்திரி எழுந்துபோய் அந்தச் சுற்றை இறுக்கிவிட்டு வந்தேன்.

வெடித்தது உடனே தெரியாததற்கும் காரணம் உண்டு. பனிக்கட்டியே அடைப்பாக இருக்கும்வரை தண்ணீர் வராது. வெயில் வந்து உருகியதும்தான் பாயும். அதனால்தான் 'குளிர் போய்விட்டது' என்று நிம்மதியாக இருக்கும் நாளில் கூரை இடிகிறது.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மேல்பரணில் உறை போடாமல் ஓடும் குழாய்க்கு, வெளிக்குளிர் சுமார் மைனஸ் 7 டிகிரிக்கு இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் அது 20 டிகிரி. காற்று புகும் ஓட்டை இருந்தால் அதற்கு முன்பே உறையலாம்.

நம் ஊட்டியிலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழுகிறது. புல்வெளி வெள்ளையாகிறது, தேயிலை கருகுகிறது. ஆனால் வெயில் வந்ததும் உருகிவிடும். குழாய் வெடிக்க, பல மணி நேரம் விடாமல் நிற்கும் கடுங்குளிர் வேண்டும். காஷ்மீரில் அது உண்டு. டிசம்பர் 21 முதல் 40 நாளைச் 'சில்லாய் கலான்' என்பார்கள். தால் ஏரியின் மேற்பரப்பே உறையும், வீட்டுக் குழாய்களும் உறையும்.

அப்படியானால் டொரண்டோவில் ஒவ்வொரு வருஷமும் கடுங்குளிர் வருகிறதே, அங்கே ஏன் ஊர் முழுக்க வெடிப்பதில்லை? அங்கே குழாயை நாலைந்து அடி ஆழத்தில் புதைத்து, வீட்டுக்குள் சூடான பகுதி வழியாகவே கொண்டுபோவார்கள். டெக்சாஸில் வெயிலுக்காகக் கட்டிய வீடுகள். பல வீடுகளில் குழாய் மேல்பரணில் ஓடும், வெந்நீர்க் கொதிகலனே அங்கேதான் நிற்கும். அதனால் குளிர் பழகிய ஊரைவிடக் குளிர் பழகாத ஊரில்தான் அதிகக் கவனம் வேண்டும். டெக்சாஸ், ஜார்ஜியா பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போனதும் செய்ய வேண்டியது

பிள்ளை வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே, பெட்டியைப் பிரித்து ஊறுகாயை எடுத்து வைத்த கையோடு, "தண்ணி மெயின் வால்வு எங்கப்பா?" என்று கேளுங்கள். காட்டச் சொல்லுங்கள். ஒரு தடவை நீங்களே மூடித் திறந்து பாருங்கள். சில வீட்டில் கார் ஷெட்டில் இருக்கும், சில வீட்டில் நிலவறையில், சில வீட்டில் தெருவோர மீட்டர் பெட்டியில். பெட்டியில் என்றால் அதற்கான டி கம்பி வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய விலையில்லை, வன்பொருள் கடையில் கிடைக்கும்.

குளிர்காலம் தொடங்கும் முன் தோட்டக் குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே விட்டால் அதில் நிற்கும் தண்ணீர் உறைந்து உள்ளே ஏறும். வெளிக் குழாய்க்கு நுரை மூடி போட வேண்டும். மேல்பரண், கார் ஷெட், வெளிச்சுவர் ஓரம் ஓடும் குழாய்களுக்கு நுரை உறை மாட்ட வேண்டும். வெட்டுப்பட்ட நீண்ட குழல் மாதிரி இருக்கும். அமுக்கினால் குழாயைக் கவ்விக்கொள்ளும், நம்மாலேயே செய்யலாம்.

கடுங்குளிர் இரவில்

சமையல் மேடை, கைகழுவும் தொட்டி இவற்றின் அடி அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். வீட்டுச் சூடு குழாய் வரை போகட்டும். பேரப்பிள்ளை தவழ்கிற வீடென்றால் அங்கே இருக்கும் சோப்பு, ஆசிட் பாட்டில்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

வெளிச்சுவர் பக்கம் இருக்கும் குழாயை, வெந்நீர், தண்ணீர் இரண்டையும், சொட்ட விடுங்கள். ராத்திரி எழுந்தால் மூடாதீர்கள். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு யோசனை: அடியில் வாளி வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைப் பாத்திரம் கழுவவோ கழிவறைக்கோ பயன்படுத்தலாம். வாளி இருந்தால் நம் மனசும் உறுத்தாது, கையும் குழாய்க்குப் போகாது. இது எனக்குப் பின்னால்தான் தோன்றியது.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. அதே 2021இல் எல்லோரும் குழாயைத் திறந்துவிட்டதாலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடித்ததாலும் நகரத்துக் குழாய்களிலேயே அழுத்தம் இறங்கிவிட்டது. ஹூஸ்டனில், 'தண்ணீரைச் சொட்ட விடாதீர்கள்' என்று மேயரே கேட்டுக்கொண்டார். ஊர் நிர்வாகம் அப்படிச் சொன்னால் கேட்க வேண்டும். அப்போது வழி என்ன? மெயின் வால்வை மூடி, மேலிருந்து கீழ்வரை எல்லாக் குழாய்களையும் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிடுவது. தண்ணீரே இல்லாத குழாய் உறைந்து வெடிக்காது. அதற்கு முன் வாளி, அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கலை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கொதிகலனையும் அணைத்துவிட வேண்டும், அதைப் பிள்ளைகளைக் கேட்டுச் செய்யுங்கள்.

உறைந்துவிட்டால்

குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கத்துக் குழாயில் வருகிறது என்றால் உறைந்துவிட்டது என்று பொருள். வராத அந்தக் குழாயைத் திறந்தே வையுங்கள். நான் செய்த இரண்டாவது தவறு அதை மூடியது. உருகும்போது தண்ணீர் போக வழி வேண்டும். மெயின் வால்வு பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள். அல்லது வால்வையே மூடி வைத்து, உருகிய பின் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

உருக்குவதற்கு முடி உலர்த்தும் கருவி போதும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் சுற்றலாம். குழாய் வாய் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி உள்பக்கமாகப் போக வேண்டும். தீ மட்டும் காட்டவே கூடாது. அங்கே சுவருக்குள் இருப்பது மரச்சட்டமும் பஞ்சும். நெருப்போடு பிழைக்கிற ஊர்க்காரர்கள் நாம், இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. கரண்ட் போய்விட்டது என்று கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டாதீர்கள். ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டு உட்காராதீர்கள். கதவு ஜன்னல் எல்லாம் இறுக மூடிய வீடுகள் அவை. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அந்த வாரம் டெக்சாஸில் அப்படியும் பலர் இறந்தார்கள். மாநில அரசு கணக்கெடுத்துச் சொன்ன மொத்தச் சாவு 246. குளிரில் போனவர்கள்தான் அதிலே அதிகம்.

வெடித்துவிட்டால்

முதலில் மெயின் வால்வு. போன் பண்ணுவது, படம் பிடிப்பது, துணியை எடுத்துத் துடைப்பது எல்லாம் அப்புறம். தண்ணீர் பட்ட அறைக்குக் கரண்டை நிறுத்துங்கள். பெட்டி இருக்கும் இடமே ஈரமாக இருந்தால் தொடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். தொங்குகிற கூரைக்குக் கீழே நிற்காதீர்கள், குழந்தையை அப்புறப்படுத்துங்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு சேதத்தையும் படம் எடுங்கள். வங்கியில் இருந்தவன் என்பதால் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை இதுதான். பொருள், வாங்கிய வருஷம், தோராய விலை என்று ஒரு நோட்டில் பத்தி போட்டு எழுதினேன். அங்கே வீட்டுக் காப்பீடு பொதுவாகத் திடீரென்று வெடித்துப் பாய்ந்த தண்ணீருக்குப் பணம் தரும். முதலில் ஒரு தொகை நம் கையிலிருந்து போகும். ஆனால் வீட்டைச் சூடில்லாமல் பூட்டிப் போட்டுவிட்டு ஊருக்குப் போனால், கவனக்குறைவு என்று மறுக்க இடமுண்டு. எனவே குளிர்காலத்தில் எல்லோரும் சேர்ந்து இந்தியாவுக்கு வருகிறீர்கள் என்றால், வீட்டுச் சூட்டை 55 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 13 டிகிரிக்குக் கீழே இறக்கவே கூடாது. மெயின் வால்வை மூடிவிட்டு, தெரிந்தவரிடம் சாவி கொடுத்துவிட்டு வாருங்கள்.

நம் வீட்டு வால்வு

இப்போது நம் குடியிருப்புக்கு வருகிறேன். போன ஐப்பசியில் இரண்டாம் மாடியில் கீசருக்குப் போகும் இணைப்புக் குழாய் பிய்த்துக்கொண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கே பனியும் இல்லை, புயலும் இல்லை. ஆனால் நடந்தது என்னவோ அதேதான். 'வால்வு எங்கே' என்று எல்லோரும் ஓடினோம். டக்டுக்குள் ஆறு வால்வு. எது யாருடையது என்று எழுதியில்லை. கண்டுபிடித்த கேட் வால்வும் உப்புப் பிடித்துத் திரும்பவில்லை. கடைசியில் மொட்டைமாடியில் மொத்தமாக அடைத்தோம். அதற்குள் கீழ்வீட்டுக் கட்டிலும் மெத்தையும் போயின.

பிளேனோவில் கால் சுற்றில் நின்ற தண்ணீர், விஸ்வநத்தத்தில் அரை மணி நேரம் நிற்கவில்லை. நம்முடையது உப்புத் தண்ணீர். வருஷக்கணக்கில் தொடாமல் விட்ட வால்வு இறுகத்தான் செய்யும். எனவே சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

ஒன்று, டக்டில் உள்ள ஒவ்வொரு வால்விலும் வீட்டு எண் எழுதித் தகடு மாட்ட வேண்டும். இரண்டு, இறுகிப்போன கேட் வால்வுகளை மாற்றிக் கால் திருப்பில் மூடும் பால் வால்வு போட வேண்டும். செலவை அந்தந்த வீட்டார் ஏற்கலாம், மொத்தமாக வாங்கினால் விலை குறையும். மூன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இந்தச் செய்திமடல் வரும் வாரத்தில், அவரவர் வால்வை ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும். திருப்பிக்கொண்டே இருக்கும் வால்வு இறுகாது. வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாடு போகிறவர்கள் வால்வை மூடிவிட்டு, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று. நான்தான் குழாயை மூடினேன் என்பதை என் மகனிடம் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆனது. கூரை, தரைவிரிப்பு, சுவர் எல்லாம் சரிசெய்ய அவன் அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன். முப்பத்தைந்து வருஷம் பணத்தை எண்ணி, ஒரு ரூபாய் குறைந்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து கணக்கை நேர் செய்துவிட்டு வந்தவன், இந்தக் கணக்கை மட்டும் எழுதாமல் வைத்திருந்தேன். ஒருநாள் போனில் சொல்லிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, எனக்கு அன்னைக்குக் காலைலயே தெரியும். அந்தக் குழாயைத் திறக்க ரெண்டு கை வேண்டியிருந்துச்சு. அந்த இறுக்கு இறுக்கறது நம்ம ஊர்க்காரங்கதான்" என்றான். "ஏன்னு நான் உங்களுக்கு வெளக்கிச் சொல்லியிருக்கணும். மூடாதீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போய்ட்டேன்" என்றும் சொன்னான்.

அதனால்தான் இன்று செய்ய வேண்டியதோடு ஏன் என்பதையும் சேர்த்து இவ்வளவு நேரம் பேசினேன். பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அப்பா அம்மா வந்தால், முதல் வாரமே வால்வைக் காட்டுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தவறு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால் மகன் அந்தக் குழாயைக் கவனித்திருப்பான், வெள்ளிக்கிழமை அந்தக் கூரை விழுந்திருக்காது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு ப்ளம்பர் வருகிறார். வீட்டுக்கு ஒருவர் டக்ட் பக்கம் வந்து, தங்கள் வால்வு எது என்று பார்த்து, கையால் ஒரு தடவை திருப்பிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு வராத பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.